மீட்டரும் பீஸும் ஒரே கிளாஸில் சேருமா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் மாமாவின் துணிக்கடைக்கு ஸ்டாக் புரோகிராம் ஒன்றை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பொருள் என்று ஒரு கிளாஸ் (தகவலையும் அதற்கான ஃபங்ஷன்களையும் சேர்த்து வைக்கும் வகை), அதிலிருந்து சேலை, சுடிதார், சட்டைத்துணி, லுங்கி என்று வரிசையாகப் பிள்ளை கிளாஸ்கள். கூடப் படிக்கும் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எடுத்துவிட்டு டெம்ப்ளேட்டில் எழுது, வேகமாக ஓடும்" என்றாராம். கிளாஸ் இருக்கும்போது ஜெனரிக்ஸ் (வகையைக் காலியாக விட்டு, ஒரே நிரலைப் பல வகைக்கும் எழுதுவது; சி பிளஸ் பிளஸ்ஸில் அதன் பெயர்தான் டெம்ப்ளேட்) எதற்கு, எது வேகம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்ததில், நீங்கள் கேட்க வருவது இதுதான் என்று எனக்குப் படுகிறது: இவை இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வழிகளா, இல்லை வேலையே வேறு வேறா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் வேகம் பற்றிய கேள்வி பெரிதாகத் தெரியாது.

வேலையே வேறு. முதலில் ஒரு சின்னக் குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். கிளாஸுக்கு ஜெனரிக்ஸ் போட்டியே கிடையாது. நீங்கள் எழுதப்போகும் டெம்ப்ளேட்டில் பாதி, கிளாஸ் டெம்ப்ளேட்டாகத்தான் இருக்கும். ஒப்பிட வேண்டியது, ஒரு கிளாஸிலிருந்து பிள்ளை கிளாஸ்களை உருவாக்கும் இன்ஹெரிட்டன்ஸையும் ஜெனரிக்ஸையும். இரண்டுக்கும் நடுவே கோடு போட நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: இது என்ன வகை என்பது எப்போது தெரியவரும்? புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும் என்றால் இன்ஹெரிட்டன்ஸும் விர்ச்சுவல் ஃபங்ஷனும் (பிள்ளை கிளாஸ் ஒவ்வொன்றும் தன் சொந்தப் பதிலைத் தரக்கூடிய ஃபங்ஷன்). எழுதும்போதே தெரியும், ஆனால் இங்கே ஒரு வகை, அங்கே வேறு வகை, செய்யும் வேலை மட்டும் அதே வேலை என்றால் ஜெனரிக்ஸ்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் சில வருடங்கள் திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் மென்பொருளில் போயின. இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது அந்த யார்டின் கேட்டில்தான். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்து உள்ளே நுழையும் வண்டியில் காலி கண்டெய்னர் இருக்கலாம், சரக்கு ஏற்றிய நாற்பதடி இருக்கலாம், இறால் போகும் ரீஃபர் (குளிரூட்டும் கண்டெய்னர்) இருக்கலாம். ரீஃபர் என்றால் உடனே பிளக் பாயின்ட் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும், வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆபத்தான ரசாயனம் என்றால் மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அடுத்து எது வரும் என்று, சில மாதங்களுக்கு முன்பே கம்பைல் ஆகிவிட்ட (கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றப்பட்டுவிட்ட) புரோகிராமுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் கண்டெய்னர் என்ற பேஸ் கிளாஸ் (பிள்ளைகளுக்குத் தாயான கிளாஸ்), எங்கே வைப்பது என்று ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன், வகைக்கு ஒரு பதில். அது சரியான இடத்தில் வந்த இன்ஹெரிட்டன்ஸ்.

அதே யார்டில் மூன்று வரிசைகளும் இருந்தன: கேட்டில் காத்திருக்கும் வண்டிகள், சர்வேக்குக் காத்திருக்கும் கண்டெய்னர்கள், பட்டறைக்குப் போக வேண்டிய ரிப்பேர் சீட்டுகள். முதலில் வந்தது முதலில் போகும், அவசரமானால் முன்னே ஏற்றலாம், ரத்து செய்யலாம். மூன்றுக்கும் ஒரே கணக்கு. எந்த வரிசையில் எது நிற்கும் என்பது எழுதும்போதே தெரியும், ரிப்பேர் சீட்டு வரிசையில் லாரி வந்து நிற்கப்போவதில்லை. இது ஜெனரிக்ஸுக்கென்றே அமைந்த இடம். ஆனால் நாங்கள் 2003-இல் ஜாவாவில் எழுதிக்கொண்டிருந்தோம், ஜாவாவுக்கு ஜெனரிக்ஸ் வந்தது 2004-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில். அதனால் வரிசைக்குள் எல்லாமே ஆப்ஜெக்ட் என்ற பொதுவான வகையாகத்தான் போகும், வெளியே எடுக்கும்போது காஸ்ட் செய்து அதன் சொந்த வகைக்குக் கொண்டுவர வேண்டும். ஒருநாள் இரவு ஷிஃப்டில் சர்வே திரை கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் என்று விழுந்தது. விழுந்த வரியில் ஒரு தவறும் இல்லை. வேறொரு ஃபைலில், மாலையிலேயே, யாரோ கண்டெய்னருக்குப் பதிலாக ரிப்பேர் சீட்டை அந்த வரிசைக்குள் போட்டிருந்தார்கள். போட்ட இடம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது, எடுத்த இடம்தான் அடி வாங்கியது. அதைக் கண்டுபிடிக்க விடியும்வரை ஆனது. ஜெனரிக்ஸ் இருந்திருந்தால் அந்த வரி கம்பைலே ஆகியிருக்காது. ஜெனரிக்ஸ் என்றதும் பலர் ஒரே கோட்-ஐ (code) மறுபடி பயன்படுத்துவதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, தப்பு நடந்த வரியிலேயே பிடிபடுவது.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். நீங்கள் காட்டிய பொருள் கிளாஸில் பெயர், விலை, அளவு என்று மூன்று இருக்கின்றன. அளவை டபுளாக, அதாவது தசம எண்ணாக, வைத்திருக்கிறீர்கள். மொத்தக் கையிருப்பு என்ற ஃபங்ஷன் எல்லாப் பொருளையும் சுற்றி வந்து அளவைக் கூட்டுகிறது. கடையில் பன்னிரண்டு சேலையும், ஒரு தானில் முப்பத்தெட்டரை மீட்டர் சட்டைத்துணியும் இருந்தால் அந்த ஃபங்ஷன் 50.5 என்று சொல்லும். ஐம்பதரை எது? மீட்டரும் இல்லை, பீஸும் இல்லை. கம்பைலர் கேட்காது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு இரண்டும் டபுள். மாமா கேட்பார். துணிக்கடைக்காரருக்கு மீட்டரும் பீஸும் வேறு வேறு என்பது யோசிக்காமலே தெரியும். உங்கள் புரோகிராமுக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

நான் எழுதினால் இப்படிப் போவேன். பீஸ் என்று ஒரு சின்ன கிளாஸ், உள்ளே ஒரே ஒரு முழு எண். மீட்டர் என்று இன்னொன்று, உள்ளே சென்டிமீட்டராக ஒரு முழு எண். டபுள் வேண்டாம். டபுளில் 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் சரியாக 1 வராது. வெட்டி வெட்டி விற்கும் தானில் அந்தத் துளி வித்தியாசம் சேர்ந்து, கடைசியில் இருப்பு பூஜ்யமா என்று ஒப்பிடும் வரியில் வந்து நிற்கும். பணத்தையும் இப்படியே பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பீஸோடு பீஸைக் கூட்டலாம், மீட்டரோடு மீட்டரைக் கூட்டலாம், அதற்கு மட்டும் கூட்டல் எழுதுங்கள். ஒரு எண்ணை வாங்கி ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு எக்ஸ்ப்ளிசிட் என்ற சொல்லைச் சேர்க்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மீட்டரோடு வெறும் 5-ஐக் கூட்டினாலும் கம்பைலர் அந்த ஐந்தைத் தானாகவே மீட்டராக்கிவிடும், உங்கள் கிளாஸில் அது ஐந்து சென்டிமீட்டர். டஜன் கணக்கில் வரும் உருப்படிக்கு, எண்ணை வாங்கிப் பன்னிரண்டால் பெருக்கி பீஸாகத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்று போதும்.

இதற்கு மேல்தான் டெம்ப்ளேட் வருகிறது. கையிருப்பு என்று ஒரு கிளாஸ் டெம்ப்ளேட், அதற்கு அளவு என்ற ஒரே டைப் பராமீட்டர். வரவு வைப்பது, செலவு எழுதுவது, இருப்பைச் சொல்வது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் எச்சரிப்பது என்று நான்கு ஃபங்ஷன்கள். இந்த நான்கும் பீஸுக்கும் மீட்டருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பீஸ் கையிருப்பில் மீட்டரை வரவு வைக்கப் பார்த்தால் கம்பைலர் அந்த வரியிலேயே நிறுத்தும். இதை இன்ஹெரிட்டன்ஸில் செய்யப்போனால் அளவு என்று ஒரு பேஸ் கிளாஸ் வைத்து, கூட்டும் ஃபங்ஷன் இன்னொரு அளவை வாங்கிக்கொள்ளும்படி எழுத வேண்டியிருக்கும். வந்தது மீட்டரா பீஸா என்பதை உள்ளே போய்த்தான் சோதிக்க முடியும். மறுபடி எங்கள் யார்டின் பழைய வரிசைதான்.

அப்படியானால் சேலை, சுடிதார், லுங்கி கிளாஸ்கள்? அவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை என்பது என் கருத்து. இது கருத்துதான், கடையை அருகில் இருந்து பார்க்கும் நீங்கள் மறுக்கலாம். சேலைக்கும் லுங்கிக்கும் இடையே பெயர், விலை, வரி விகிதம் ஆகியவைதான் மாறுகின்றன. மாறுவது தகவல் மட்டும் என்றால் அது ஃபீல்டாக இருக்க வேண்டும். நடத்தை மாறும்போதுதான் கிளாஸ். முக்கியமாக, வரி விகிதத்தை விர்ச்சுவல் ஃபங்ஷனுக்குள் எழுதிவிடாதீர்கள். ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்ததிலிருந்து விகிதங்கள் பல முறை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மறுபடி கம்பைல் செய்து கடைக்கு எடுத்துப்போக முடியாது. நடத்தை உண்மையிலேயே மாறும் இடம் உங்கள் கடையில் ஒன்றுதான்: எண்ணிக் கொடுப்பது, வெட்டிக் கொடுப்பது. வெட்டினால் கடைசியில் ஒரு பிட் மிஞ்சும், அதைத் தனி விலைக்குத் தள்ள வேண்டும். சேலையில் அந்தப் பிரச்சினையே கிடையாது.

பில்லுக்கு இன்ஹெரிட்டன்ஸ் வேண்டும். ஒரே பில்லில் மூன்று சேலையும் நாலு மீட்டர் சட்டைத்துணியும் கலந்து வரும், எது எந்த வரிசையில் வரும் என்பது வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. ஓடும்போதுதான் தெரியும், யார்டு கேட் மாதிரியே. அதனால் பில் வரி என்று ஒரு பேஸ் கிளாஸ், தொகையைச் சொல்லும் ப்யூர் விர்ச்சுவல் ஃபங்ஷன் ஒன்று (பிள்ளை கிளாஸ்களே பதிலை எழுதியாக வேண்டியது), அதன் கீழே எண்ணும் வரி, வெட்டும் வரி என்று இரண்டு கிளாஸ்கள். வகைகள் இந்த இரண்டுதான், மூன்றாவது வரவே வராது என்று உறுதியாக இருந்தால் சி பிளஸ் பிளஸ் 17-இல் வந்த, குறிப்பிட்ட சில வகைகளில் ஏதோ ஒன்றை வைத்துக்கொள்ளும் வேரியண்ட்டும் நல்ல வழி. இரண்டில் எதை எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது சில பள்ளங்கள் உண்டு, எல்லாரும் விழுந்து எழுந்தவைதான். முதலாவதில் நீங்கள் ஏற்கெனவே விழுந்திருக்கிறீர்கள். பொருள் கிளாஸையே வெக்டருக்குள் (பட்டியலுக்குள்) நேராகப் போட்டிருக்கிறீர்கள். அதில் சட்டைத்துணியைச் சேர்க்கும்போது பொருள் என்ற பாகம் மட்டும்தான் உள்ளே போகிறது. சட்டைத்துணிக்கென்று நீங்கள் சேர்த்த அகலம் வெட்டுப்பட்டு வெளியே நிற்கிறது, விர்ச்சுவல் ஃபங்ஷனை அழைத்தாலும் பேஸ் கிளாஸின் பதில்தான் வரும். இதற்கு ஸ்லைசிங் என்றே பெயர். வெக்டருக்குள் யூனிக் பாயின்டராக (ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டுவது) வையுங்கள், பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷனை) விர்ச்சுவலாக்குங்கள். அது விர்ச்சுவலாக இல்லாமல் பேஸ் பாயின்டர் வழியாக டெலீட் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பேஸ் கிளாஸில் ப்யூர் விர்ச்சுவல் ஒன்று இருந்துவிட்டால் இன்னும் நல்லது, அதன் ஆப்ஜெக்ட்டையே உருவாக்க முடியாது என்பதால் இந்தத் தவறைக் கம்பைலரே தடுத்துவிடும்.

இரண்டாவது, சேலை ஒரு பொருள்தான், ஆனால் சேலைப் பாயின்டர்களின் வெக்டர் பொருள் பாயின்டர்களின் வெக்டர் ஆகிவிடாது. கம்பைலர் மறுக்கும்போது அநியாயமாகத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். பொருள் வெக்டரை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் அதில் ஒரு லுங்கியைச் சேர்க்க முடியும். நீங்கள் கொடுத்தது சேலைகள் மட்டும் இருக்க வேண்டிய வெக்டர். அதில் லுங்கி புகுந்துவிட்டால் பிறகு எதை நம்புவது? ஜாவா தன் அர்ரேக்களில் இதை அனுமதித்தது. விளைவு, தவறானதைப் போடும்போது ரன்டைமில் (புரோகிராம் ஓடும்போது) அர்ரே ஸ்டோர் எக்ஸெப்ஷன். அதன் ஜெனரிக் லிஸ்ட்டில் இதே தவறைக் கம்பைலரே மறுத்துவிடுகிறது.

மூன்றாவது பள்ளத்தில் அடுத்த வாரம் விழுவீர்கள். கையிருப்பு டெம்ப்ளேட்டின் ஃபங்ஷன் உடல்களைத் தனி சிபிபி ஃபைலில் வைத்தால் எல்லாம் கம்பைல் ஆகி, ஃபைல்களை இணைக்கும் லிங்கரில் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வரும். டெம்ப்ளேட் என்பது தைத்து முடித்த சட்டை இல்லை, வெட்டுவதற்கான பேப்பர் பேட்டர்ன். பீஸுக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என்று கம்பைலர் வெட்டும் இடத்தில் அந்தப் பேப்பர் கண்ணெதிரே இருக்க வேண்டும். அதனால் உடலையும், மற்ற ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் ஃபைலிலேயே வையுங்கள். இதோடு ஒட்டிய இன்னொன்று: கிளாஸ் டெம்ப்ளேட்டில் நீங்கள் அழைக்காத ஃபங்ஷனை, அந்த வகைக்கு ஒத்துவருமா என்று கம்பைலர் முழுதாகச் சோதிப்பதில்லை. நாலு ஃபங்ஷனையும் பீஸுக்கும் மீட்டருக்கும் ஒருமுறையாவது அழைக்கும் ஒரு சோதனை ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபங்ஷன் டெம்ப்ளேட்டாகவும் விர்ச்சுவலாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பதும் இங்கேயே சொல்ல வேண்டியது.

டெம்ப்ளேட்டில் தவறு செய்தால் திரை நிறைய எர்ரர் கொட்டும். பயப்படாமல் முதல் எர்ரரையும், அதில் உங்கள் ஃபைலின் பெயர் வரும் வரியையும் மட்டும் பாருங்கள். உங்கள் கம்பைலர் சி பிளஸ் பிளஸ் 20-ஐ ஏற்குமானால் கான்செப்ட் என்பதைப் பயன்படுத்துங்கள். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் மூன்றும் உள்ள வகைக்கு மட்டும்தான் இந்த டெம்ப்ளேட் என்று வாசலிலேயே எழுதிவிடலாம். எர்ரரும் அந்த வாசலிலேயே, படிக்கும்படி வரும்.

இப்போது வேகம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: விர்ச்சுவல் அழைப்பு ஒரு அட்டவணை வழியாகச் சுற்றிப் போகிறது, வழக்கமான 64 பிட் கம்பைலர்களில் அதற்காக ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் 8 பைட் பாயின்டர் ஒன்றைச் சுமக்கிறது, அந்த அழைப்பை இன்லைன் செய்வது (ஃபங்ஷன் உடலை அழைக்கும் இடத்திலேயே பதிப்பது) கம்பைலருக்குப் பல நேரம் முடிவதில்லை. டெம்ப்ளேட்டில் வகை முன்பே தெரியும் என்பதால் இந்தச் சுற்று இல்லை. சி மொழியில் வரிசைப்படுத்தும் க்யூசார்ட் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஃபங்ஷன் பாயின்டர் வழியாகப் போகிறது, சி பிளஸ் பிளஸ்ஸின் சார்ட் டெம்ப்ளேட் ஒப்பீட்டை உள்ளேயே கரைத்துக்கொள்கிறது. நண்பர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. பதிலுக்கு டெம்ப்ளேட் கம்பைல் நேரத்தை நீட்டும், வகைக்கு ஒரு பிரதி வெட்டுவதால் எக்ஸிகியூட்டபிளும் வளரலாம்.

உங்கள் புரோகிராமில் எத்தனை மடங்கு வேகம் கிடைக்கும் என்பதை, உங்கள் கணினியில் அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அளந்தால் ஆப்டிமைசேஷனை (கம்பைலர் கோட்-ஐ வேகப்படுத்தும் வசதியை) போட்டு அளந்து பாருங்கள். அது இல்லாத டீபக் பில்டில் டெம்ப்ளேட் கோட் மந்தமாகவே ஓடும், அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சில ஆயிரம் பொருள் உள்ள கடையில், ஒரு பில்லுக்குப் பத்து விர்ச்சுவல் அழைப்பு நடந்தாலும், பில் பிரிண்டர் காகிதத்தை ஒரு வரி நகர்த்தும் நேரத்தின் முன்னே அது கணக்கிலேயே வராது. அதனால் வேகத்துக்காக இங்கே எதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

நண்பர் வேறு மொழியில் படித்ததை வைத்துப் பேசியிருக்கவும் கூடும். ஜெனரிக்ஸ் என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொன்றைச் செய்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸும் ரஸ்ட்டும் வகைக்கு ஒரு பிரதி வெட்டுகின்றன. ஜாவா கம்பைல் நேரத்தில் சோதித்துவிட்டு வகையை அழித்துவிடுகிறது, அதனால் அங்கே முழு எண்ணைக்கூட இன்டீஜர் என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் பொதிந்துதான் லிஸ்ட்டில் வைக்க முடியும். சி ஷார்ப் ரன்டைமிலும் வகையை மறப்பதில்லை. முழு எண் போன்ற மதிப்பு வகைகளுக்குத் தனிப் பிரதி, ஆப்ஜெக்ட் வகைகளுக்குப் பொதுவான ஒரே பிரதி என்று நடுவழியில் போகிறது. கோ மொழி 2022-இல் 1.18 பதிப்பில்தான் ஜெனரிக்ஸையே சேர்த்தது. ஒரு மொழியில் கேட்ட ஆலோசனையை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துவர முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்த இரண்டு யோசனைகளும் பிறந்த இடங்களே வேறு. கிளாஸ் நார்வேயில் பிறந்தது. ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் உருவாக்கிய சிமுலா 67, வரிசைகளும் வருகைகளும் நிறைந்த நிஜ உலகத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலையிலிருந்து வந்த மொழி. யார்டு கேட்டில் வேலை பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஜெனரிக்ஸின் வேர் 1970-களில் ராபின் மில்னரின் எம்எல் மொழியிலும், பார்பரா லிஸ்கோவின் சிஎல்யூ மொழியிலும் இருக்கிறது. ஒரு கோட்-ஐ எழுதும்போதே அது எந்தெந்த வகைக்குச் சரி என்று நிரூபிக்க முடியுமா என்ற கவலை அங்கே முக்கியமாக இருந்தது.

நீங்கள் இப்போதைக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இருக்கும் கோட்-ஐ அழிக்க வேண்டாம். பீஸ், மீட்டர் இரண்டு கிளாஸையும் எழுதி, பொருளில் உள்ள டபுள் அளவை எடுத்துவிட்டு கம்பைல் செய்யுங்கள். எர்ரர் வரும் ஒவ்வொரு வரியையும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், "இந்த இடத்தில் மீட்டரா பீஸா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தக் கையிருப்பு ஃபங்ஷனில் வரும் எர்ரருக்கு மட்டும் அவரிடமும் நேரான பதில் இருக்காது, "எதுக்கு ரெண்டையும் கூட்டுறே?" என்றுதான் கேட்பார். அதை இரண்டு ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டு, பிறகு கையிருப்பு டெம்ப்ளேட்டைத் தொடங்குங்கள். பில் வரிக்கு வரும்போது எங்கேயாவது நின்றுபோனால், அந்த இரண்டு கிளாஸையும் முழுதாகப் போட்டுக் கேளுங்கள், பார்க்கிறேன்.